வருடம் 20 ரூபாய் கட்டிய மாணவர் சங்கம்: எட்டு வருட உறுப்பினர் எழுதுகிறேன்

போன செவ்வாய்க்கிழமை ‘நோ டியூஸ்’, அதாவது பாக்கி ஏதும் இல்லை என்ற படிவத்தில் கடைசிக் கையெழுத்து வாங்கினேன். நூலகம், விடுதி, மெஸ், துறை அலுவலகம், விளையாட்டுப் பிரிவு என்று ஒன்பது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீல். மாணவர் சங்கத்துக்கு மட்டும் கட்டம் கிடையாது. அவர்களுக்கு நான் பாக்கி ஏதும் வைக்கவில்லை என்பது அலுவலகக் கணக்கு. என் கணக்கு வேறு. அதனால் டெல்லியை விட்டுக் கிளம்புவதற்கு முன் இதை எழுதி வைத்துவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்பாவுக்கு நெசவுத் தொழில். 2017இல் எம்.ஏ. சேர்ந்தேன், 2019இல் அங்கேயே பிஎச்.டி. பதிந்தேன், இப்போது ஆய்வேட்டைக் கொடுத்தாகிவிட்டது. பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. டெல்லியில் இருக்கும் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம், அவ்வளவு போதும். கீழே சில மேசைகளையும் சில கோப்புகளையும் பற்றி வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. அங்கே இப்போது உட்கார்ந்திருப்பவர்கள் அன்றைக்கு இருந்தவர்கள் இல்லை.

ஒவ்வொரு ஜூலையிலும் ஊர்ப் பக்கத்திலிருந்து போன் வரும். “அக்கா, அந்த யூனியன்ல சேரலாமா? வம்பு ஏதும் வருமா? வீட்ல பயப்படறாங்க.” கேட்கிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இது. முதலில் ஒன்று: சேருவது என்று தனியாக எதுவும் இல்லை. சேர்க்கைக் கட்டண ரசீதில் ‘யூனியன் ஃபீஸ்’ என்று ஒரு வரி இருக்கும். எங்களுக்கு வருடத்துக்கு 20 ரூபாய். அதைக் கட்டிய நாளிலிருந்து நீங்கள் உறுப்பினர். கட்சி சார்ந்த மாணவர் அமைப்புகள் வேறு, சங்கம் வேறு. அமைப்பில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். சங்கம் எல்லோருடையது, ஓட்டே போடாதவருடையதும்கூட.

இதை நான் புரிந்துகொண்டது முதல் நாளே. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வந்து, கரோல் பாகில் ஒன்றுவிட்ட சித்தி வீட்டில் பையை வைத்துவிட்டு, காலை ஒன்பதரைக்குச் சேர்க்கை கவுன்டரில் நின்றேன். என் கையில் இருந்தது தமிழ்நாட்டு அரசு கொடுத்த பி.சி. சாதிச் சான்றிதழ். அதை வைத்துத்தான் பள்ளி, கல்லூரி எல்லாம் படித்தேன். கவுன்டரில் இருந்தவர் ஒரு முறை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மத்திய அரசு வடிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும், கிரீமி லேயர், அதாவது வசதி படைத்த பிரிவு, இல்லை என்று அதில் எழுதியிருக்க வேண்டும், அதுவும் இந்த வருடம் வாங்கியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும் என்றார். அவர் இந்தியில் சொன்னதில் எனக்குப் புரிந்தது பாதி. மீதியைப் பின்னால் நின்ற பெண் ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெளியே ஒரு வேப்பமரம். அதன் கீழே வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு அமைப்பின் கொடி. கடைசி மேசையில் கொடி இல்லை, ‘ஸ்டூடண்ட்ஸ் யூனியன் ஹெல்ப் டெஸ்க்’ என்று கையால் எழுதிய அட்டை மட்டும். அங்கே உட்கார்ந்திருந்த ஆராய்ச்சி மாணவர் என் ஃபைலில் இருந்த கோபுர முத்திரையைப் பார்த்ததுமே தமிழில் பேசினார். நாகர்கோவில்காரர். “அழாதம்மா. இது உனக்கு மட்டும் இல்லை, நம்ம ஊர்ல இருந்து வர்ற பாதிப் பேருக்கு இதே கதைதான். பேப்பர் இருக்கா?” என்றார். அவரே ஒரு உறுதிமொழிக் கடிதம் எழுதினார், என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார், கூட்டிக்கொண்டு இரண்டாவது மாடியில் உதவிப் பதிவாளர் அறைக்குப் போனார். தற்காலிகச் சேர்க்கை, சான்றிதழ் கொடுக்கப் பதினைந்து நாள் அவகாசம். வேலை முடிந்தபோது மணி பன்னிரண்டு. ஊரில் அப்பா இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்குமாக அலைந்து, பதினோராவது நாள் ஸ்பீட் போஸ்ட் வந்தது.

இந்த அண்ணன் எந்த அமைப்பு, என்ன கட்சி என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அவரும் என்னைக் கேட்கவில்லை. செப்டம்பரில் ஓட்டுக் கேட்டு வந்தபோதுதான் தெரிந்தது. அவருடைய அணிக்கு அந்த வருடம் நான் ஓட்டுப் போடவில்லை. அதற்குப் பிறகும் என் வேலைகளுக்கு அவர் வந்தார்.

(வரப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழும் மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழும் வேறு வேறு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஏப்ரல் பிறந்ததும் புதிதாக விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பருவத் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான மைக்ரேஷன் சர்ட்டிபிகேட்டுக்கும் அப்போதே எழுதிப் போடுங்கள்.)

எங்கள் ஊர்க் கல்லூரியில் வகுப்புப் பிரதிநிதி என்றால் துறைத் தலைவர் கைகாட்டுகிற பிள்ளை. நோட்டு எடுத்துவருவதும் பேராசிரியருக்குச் செய்தி சொல்வதும் அவள் வேலை. எங்கள் சார்பாக மேலே போய்ப் பேச வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை, நானும் நினைத்ததில்லை. இங்கே வந்த பிறகுதான், ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவருக்கும் மேலிருந்து நியமித்த ஒருவருக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், 2023 விதிப்படி ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு மாணவர் சிறப்பு அழைப்பாளராக உட்காருவார். ஆனால் அவரைப் படிப்பு, விளையாட்டு முதலியவற்றில் சிறந்தவர் என்று பார்த்து நியமிப்பார்கள், மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். அந்தப் பிள்ளை நாளைக்கு என் கதவைத் தட்டி ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை என்றால், இன்றைக்கு என் குறையைக் கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பாலியல் புகார்களுக்கான உள் குழுவுக்கு 2015இல் யு.ஜி.சி. போட்ட விதி இதைவிட நல்லது. மாணவர் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் இளநிலை, முதுநிலை, ஆராய்ச்சி என்று மூன்று மாணவர்கள் அந்தக் குழுவில் இருக்க வேண்டும், அவர்கள் தேர்தலில் வந்தவர்களாக இருக்க வேண்டும்.

சரி, உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தைப் பற்றி நான் எழுத நினைத்ததில் பாதிக்கு மேல் அதுதான்.

நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்பவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் வரும். அதில் 2,600 மெஸ்ஸுக்குப் போகும், 2,000 வீட்டுக்கு அனுப்புவேன், மீதியில் என் மாதம் ஓடும். 2021 ஜூலையில் அந்தப் பணம் நின்றது. முதல் மாதம் கொரோனாவால் தாமதம் என்று நினைத்தேன். ஆகஸ்ட், செப்டம்பர் போனது. ஊரிலிருந்து மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்டோபரில் விடுதி திறந்து திரும்பி வந்ததும் நேராக நிதிப் பிரிவுக்குப் போனேன். “ஃபைல் மேலே போயிருக்கிறது” என்றார்கள். மேலே போய்க் கேட்டால் “துறையிலிருந்து வரவில்லை” என்றார்கள். துறையில் “நாங்கள் அனுப்பிவிட்டோம்” என்றார்கள். மூன்று வாரம் இந்த மூன்று இடங்களுக்கும் நடந்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை, விரட்டவில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் என்னுடைய பேச்சு எந்தச் சுவரிலும் பட்டுத் திரும்பவில்லை. போனில் அம்மா “சாப்பிட்டியா”ன்னு கேட்கும்போது தொண்டை அடைக்கும். தம்பிக்கு பாலிடெக்னிக் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது.

எங்கள் துறைக்கு அப்போது இருந்த சங்கப் பிரதிநிதி பீகாரின் மதுபனியிலிருந்து வந்த ஒரு தம்பி. எம்.ஏ. சேரும்போது தேர்தலில் ஜெயித்தவன், தேர்தல் நடக்காததால் பிஎச்.டி.க்கு வந்த பிறகும் அதே பொறுப்பில் இருந்தான். மெஸ்ஸில் பார்த்துத் தற்செயலாகச் சொன்னேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். “தீதி (அக்கா), ரிசீவிங் இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டான்.

ரிசீவிங் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. டெல்லி அலுவலகங்களில் வாழ வேண்டுமென்றால் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள வேண்டும். கடிதத்தை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் அலுவலக முத்திரை, தேதி, டைரி எண் மூன்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் ரிசீவிங். மூன்று வாரம் நான் வாயால் கேட்டதற்கு எந்தத் தடயமும் இல்லை. மறுநாள் காலை அவன் என்னோடு வந்தான். கடிதம் நான் எழுதியது, திருத்தியது அவன். என் அழுகையை எல்லாம் எடுத்துவிட்டு, எந்த மாதம் முதல் எவ்வளவு தொகை, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, எந்த வங்கிக் கணக்கு என்று நான்கு வரியாக்கினான். மூன்று அலுவலகத்திலும் ரிசீவிங் வாங்கினோம்.

அதோடு விட்டிருந்தால் அது நல்ல நண்பன் செய்கிற உதவி. அன்றைக்கு ராத்திரி அவன் ஒரு கூகுள் ஃபார்ம் செய்து எல்லாத் துறைகளுக்கும் அனுப்பினான்: யாருக்கெல்லாம் ஜூலைக்குப் பிறகு பணம் வரவில்லை, எந்த வங்கி, எந்தக் கிளை. இரண்டு நாளில் என்னையும் சேர்த்து முப்பத்திரண்டு பேர். பட்டியலைப் பார்த்த உடனேயே விஷயம் விளங்கிவிட்டது. எல்லோரும் சிண்டிகேட் வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள். அந்த வங்கி 2020 ஏப்ரல் 1இல் கனரா வங்கியோடு இணைந்தது. வங்கிக் கிளையைக் குறிக்கும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாது. எங்கள் நிதிப் பிரிவு பழைய எண்ணுக்கே பணம் அனுப்பியிருக்கிறது, அது ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வந்த பணத்தை யாரும் யாருடையது என்று பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு பேரும் தனித்தனியாக நடந்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் ஃபைல்தான் தொலைந்தது, தான் ஏதோ தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மணிப்பூர் பெண் ஒருத்தி தன் வழிகாட்டிதான் வேண்டுமென்றே நிறுத்திவிட்டார் என்று நம்பி, அவரிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். சங்கம் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பட்டியலைத்தான் சொல்வேன். என் ஒருத்தியின் புகார் ஒரு ஆளின் தலைவலி. முப்பத்திரண்டு பெயரும் கிளையும் தேதியும் போட்ட தாள் வேறு.

பிறகு நடந்ததில் வீரம் ஒன்றும் இல்லை. சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஒரு மனு, கூடவே பட்டியல், ஆளுக்கொரு புதிய பாஸ்புக் நகல். பத்து நாள் கடந்தும் பதில் வரவில்லை. பதினோராவது நாள் காலை பதினொரு மணிக்கு நாங்கள் இருபது பேர் நிதி அதிகாரியின் அறைக்கு வெளியே வராந்தாவில் உட்கார்ந்தோம். கோஷம் போட வேண்டாம் என்று அந்தத் தம்பி சொல்லியிருந்தான். நான் ஆய்வுக்கான புத்தகத்தையே கொண்டுபோயிருந்தேன். நான்கு மணிக்கு அதிகாரி தாமே வெளியே வந்து பட்டியலை வாங்கி, அங்கேயே நின்று ஒருவரைக் கூப்பிட்டு எண்களைச் சரிபார்க்கச் சொன்னார். அவருக்கு அதுவரை இப்படி ஒன்று நடப்பதே தெரியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. டிசம்பர் மூன்றாவது வாரம் ஐந்து மாதப் பணம், 40,000 ரூபாய், மொத்தமாக வந்தது. அப்பாவுக்குப் போன் செய்தேன். “வந்துருச்சாம்மா?” என்று மட்டும் கேட்டார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

அந்த 8,000 ரூபாய்க்கே ஒரு வரலாறு இருக்கிறது. 2015 அக்டோபரில் யு.ஜி.சி. இந்த நெட் அல்லாத உதவித்தொகையை நிறுத்துவதாக முடிவெடுத்தது. டெல்லி மாணவர்கள், சங்கங்கள், அமைப்புகள் எல்லாம் ஐ.டி.ஓ. பக்கம் பகதூர் ஷா ஜஃபர் மார்கில் இருக்கும் யு.ஜி.சி. அலுவலகத்தின் முன் போய் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள், தடியடியும் வாங்கினார்கள். உதவித்தொகை தொடரும் என்று அமைச்சகம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது நான் அருப்புக்கோட்டையில் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு போராட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது. முகம் தெரியாத யாரோ நடைபாதையில் படுத்ததால் நான்கு வருடம் எனக்குச் சோறு கிடைத்தது. ஆனால் தொகை மட்டும் அப்படியே நிற்கிறது. ஜே.ஆர்.எஃப். 2019இல் 25,000இலிருந்து 31,000 ஆனது, 2023இல் 37,000 ஆனது. எங்கள் 8,000 நகரவே இல்லை. இதற்காக ஒவ்வொரு சங்கமும் மனு கொடுத்திருக்கிறது, எந்தச் சங்கமும் இன்னும் ஜெயிக்கவில்லை.

டெல்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், அதாவது ஜே.என்.யு.வில், 2019 அக்டோபரில் விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது நாங்களும் ஊர்வலத்துக்குப் போனோம். ஒற்றை அறை வாடகை 20 ரூபாயிலிருந்து 600, இருவர் அறை 10இலிருந்து 300, அது போக புதிதாகச் சேவைக் கட்டணம். அந்தப் பழைய வாடகையைக் கேட்டு வெளியே பலர் கேலி செய்தார்கள். 20 ரூபாய் வாடகை இருந்ததால்தான் படிக்க வந்தேன் என்று சொல்லும் பெண்களை நான் அந்த ஊர்வலத்தில் பார்த்தேன். எனக்குப் பிடித்தது இன்னொன்று: அந்தச் சங்கத்தின் பொறுப்பாளர்கள் தெருவோடு நிற்காமல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2020 ஜனவரி 24 அன்று, இன்னும் பதிவு செய்யாத மாணவர்கள் பழைய கட்டணத்திலேயே, தாமதக் கட்டணம் இல்லாமல் பதிவு செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்னது. தனி மாணவர் ஒருவர் வக்கீல் வைத்துச் செய்கிற வேலையா அது?

இனி குறைகள். முதல் குறை, சங்கத்துக்கு ஞாபகம் கிடையாது. 2021இல் வங்கி எண் பிரச்சினையை அவ்வளவு பாடுபட்டுத் தீர்த்தார்களே, 2023இல் ஜூனியர் ஒருத்திக்கு அதே மாதிரி பணம் நின்றபோது சங்க அலுவலகத்தில் அந்தப் பட்டியலும் இல்லை, மனுவின் நகலும் இல்லை. புதிதாக ஜெயித்து வந்தவர்கள் முதலிலிருந்து தொடங்கினார்கள். என் அறையில் இருந்த ரிசீவிங் நகலைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொரோனாவுக்குப் பிறகு டெல்லியில் தேர்தலே வெகுநாள் நடக்கவில்லை. டெல்லி பல்கலைக்கழகத்தில் 2019க்குப் பிறகு 2023 செப்டம்பரில்தான் நடந்தது. ஜே.என்.யு.வில் 2024 மார்ச் ஆயிற்று. ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் 2006இலிருந்து தேர்தலே இல்லை. எங்களுடையதும் இழுத்துக்கொண்டே போய், பாதிப் பிரதிநிதிகள் படிப்பை முடித்துக் கிளம்பிவிட்டார்கள். இருந்தவர்களிடம் இருந்ததெல்லாம் அவரவர் போனில் இருந்தது. போனோடு அதுவும் போயிற்று.

விதியும் இதற்குத் துணைபோகிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோவின் தலைமையிலான குழு சொன்னதை உச்ச நீதிமன்றம் 2006இல் எல்லாக் கல்லூரி, பல்கலைக்கழகத் தேர்தல்களுக்கும் விதியாக்கியது. வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது, அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதுதான். இவை நல்ல விதிகள். எங்கள் வளாகத்தில் ஓரளவுக்குக் கடைப்பிடிக்கவும் செய்கிறார்கள். வேறு இடங்களில் நிலைமை மோசம். டெல்லி பல்கலைக்கழகத்தில் 2024 செப்டம்பர் 27இல் ஓட்டுப் போட்டார்கள், சுவர்களில் ஒட்டிய அசிங்கத்தைச் சுத்தம் செய்யும்வரை எண்ணக்கூடாது என்று உயர் நீதிமன்றம் நிறுத்தி, நவம்பர் 25இல்தான் எண்ணினார்கள். ஆனால் அதே லிங்டோ விதிப்படி பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் நிற்க முடியும். ஆராய்ச்சி மாணவருக்கு வயது 28க்கு மேல் போகக்கூடாது. கிராமத்தில் படித்து, நடுவில் இரண்டு வருடம் வேலைக்குப் போய், பிறகு பிஎச்.டி.க்கு வருகிற பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டித்தான் வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2024இல் துறைப் பிரதிநிதியாக நிற்கலாமென்று நானும் விசாரித்தேன், வயது கடந்துவிட்டது. வருடா வருடம் ஆள் மாறுவது நல்லதுதான். அப்படி மாறுகிற இடத்தில் ஒரு பீரோவும் ஒரு பதிவேடும் கட்டாயம் இருக்க வேண்டும். எட்டு வருடத்தில் ஐந்து பேரிடம் சொன்னேன். எல்லோரும் சரி என்றார்கள், ஒருவரும் செய்யவில்லை.

இரண்டாவது குறை மொழி. பொதுக்குழுக் கூட்டம் ராத்திரி ஒன்பதரைக்கு மெஸ்ஸில் தொடங்கும். சாப்பாட்டு மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் உட்காருவோம். முடிய இரண்டு மணி, இரண்டரை ஆகும். முதல் வருடம் நான் போன மூன்று கூட்டமும் முழுக்க இந்தியில் நடந்தன. எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காமல், கை தூக்கும்போது தூக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாகர்கோவில் அண்ணன் இருந்தால் காதில் சொல்வார். அவர் இல்லாத நாளில் எழுந்து போய்விடுவேன். என் தாத்தா 1965இல் மதுரையில் கல்லூரி மாணவர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போனவர். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு, என் சங்கத்தின் கூட்டத்திலேயே என் ஓட்டு எதற்கு என்று தெரியாமல் இருந்தது வலித்தது.

இரண்டாம் வருடம் கை தூக்கிக் கேட்டேன்: தீர்மானத்தை ஓட்டுக்கு விடும் முன் ஆங்கிலத்தில் ஒரு முறை வாசியுங்கள். பின்னாலிருந்து ஒருவன் ‘இந்தி கற்றுக்கொள்’ என்று கத்தினான். தலைமை தாங்கிய பெண் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, அன்றைக்கே இரண்டு மொழியிலும் வாசித்தாள். மணிப்பூர், மிசோரம், கேரளா பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் இரண்டு வருடம் நீடித்தது. பிறகு ஆள் மாறியதும் போய்விட்டது, மறுபடி கேட்டோம், மறுபடி வந்தது. ராத்திரியில் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகும் பர்ச்சாக்கள், அதாவது துண்டறிக்கைகள், இன்றும் பெரும்பாலும் இந்தியில்தான். போன தேர்தலில் ஒரு பீகார்ப் பெண் தமிழ் மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிய தாள் ஒன்றோடு என் அறைக்கு வந்து, பிழை இருக்கிறதா பார் அக்கா என்றாள். நிறையப் பிழைகள் இருந்தன. உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன். கூடவே ஒரு சுவரொட்டியும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். வளாகச் சுவரில் தமிழ் எழுத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது, தண்ணீர். போன வருடம் மே மாதம் பெண்கள் விடுதியின் வாட்டர் கூலர் பழுதாகி மூன்று வாரம் கிடந்தது. டெல்லியின் மே வெயில் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சங்கத்திடம் சொன்னால் விடுதிக் குழுவிடம் சொல் என்றார்கள். விடுதிக் குழுவோ வார்டனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னது. அதே மூன்று வாரத்தில் நாட்டு நடப்பு, உலக நடப்பு பற்றிச் சங்கத்திடமிருந்து ஏழு அறிக்கைகள் வந்தன. அப்படி அறிக்கை விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன், அங்கே கற்றதும் நிறைய. ஆனால் அறிக்கைக்கு இருக்கிற கை தண்ணீருக்கு வராமல் போனால், முதல் வருடப் பெண்கள் சங்கம் தங்களுடையது இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் தளத்தில் பதினெட்டுப் பேரில் போன முறை ஓட்டுப் போட்டது ஆறு பேர்.

மெஸ் குழுவைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை. மாதக் கடைசியில் அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ் எல்லாக் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் பில்லைக் கேட்டுப் பார்க்கலாம். ஞாயிறு காலை இட்லி வந்ததும் அந்தக் குழுவில் ஓட்டுப் போட்டு வந்ததுதான். சாம்பார் சாம்பாராக இல்லை, அது வேறு விஷயம்.

டெல்லியில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கமும் உண்டு, 1946இல் தொடங்கிய டெல்லித் தமிழ்ச் சங்கம். ஆர்.கே.புரத்தில் அதன் நூலகத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்திருக்கிறேன். அங்கிருந்து நடந்தே மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவோம். தமிழ் மாணவர்களின் வாட்ஸப் குழு ஒன்றும் இருக்கிறது. அறை வேண்டுமா, தட்கல் டிக்கெட் வேண்டுமா, ஊரிலிருந்து வருகிறவர் கையில் ஊறுகாய் கொடுத்தனுப்ப வேண்டுமா, எல்லாம் அதில் நடக்கும். ஊர்ப் பாசம் அது, எனக்கு உயிர் மாதிரி. ஆனால் பதிவாளர் அறைக்குள் போய், இவள் எங்கள் உறுப்பினர், இவளுக்குப் பதில் சொல்லுங்கள் என்று கேட்கிற உரிமை அதற்குக் கிடையாது. ‘நம்ம ஆளுங்க இருக்காங்க, யூனியன் எதுக்கு’ என்று சொல்லும் தம்பிகளுக்கு இதைச் சொல்கிறேன். என் வேலைக்காக வராந்தாவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்த இருபது பேரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தனி ஆளுக்குத் துணை வருவதில் முழு ஐந்தும் கொடுக்கலாம். பதிவேடு இல்லாததாலும் மொழியாலும் ஒன்றரை போகிறது.

போகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் சில. எங்கள் சங்க அலுவலகம் மாலை ஐந்துக்கு மேல்தான் திறந்திருக்கும், காலையில் பிரதிநிதிகளுக்கும் வகுப்பு உண்டு. அவசரமென்றால் தலைவரைத் தேடாதீர்கள், உங்கள் துறைப் பிரதிநிதியைத் தேடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் மெஸ்ஸில் பிடித்துவிடலாம். தேர்தலுக்கு முந்தைய பத்து நாள் எல்லோரும் எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்வார்கள், அப்போது சொல்கிற குறையை எழுதியும் கொடுங்கள். பொதுக்குழுவுக்குப் போனால் முன் வரிசையில் உட்காருங்கள். புரியவில்லை என்றால் கை தூக்கி ஆங்கிலத்தில் சொல்லக் கேளுங்கள், இனி யாரும் கத்த மாட்டார்கள். எந்தக் கடிதம் கொடுத்தாலும் ரிசீவிங் வாங்குங்கள், வாங்கியதைப் போனில் படமும் எடுத்து வையுங்கள்.

என்னிடம் இருந்த ரிசீவிங் நகல்கள், முப்பத்திரண்டு பேர் பட்டியல், சான்றிதழ் உறுதிமொழிக் கடிதத்தின் மாதிரி, இரண்டு மொழித் தீர்மானங்கள், எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் வருட வாரியாக அடுக்கி, நேற்று மாலை இப்போதைய துறைப் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டேன். தேனிப் பக்கத்துப் பெண், எம்.ஏ. இரண்டாம் வருடம். “அக்கா, இதுக்கு ஒரு ரிசீவிங் தரவா?” என்று கேட்டாள். தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.